செம்புக் குண்டுகள் கறுக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

ஹூஸ்டன் பக்கம் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிற நம் ஆட்கள் இருந்தால் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். மொத்தமாக வாங்கிய செம்பு உறைக் குண்டுகளும் காலிப் பித்தளைக் கூடுகளும் கராஜில் இருக்கின்றன. இங்கத்திய ஈரக்காற்றுதான் தெரியுமே! அட்டைப்பெட்டியை ஒட்டிக் கிடந்த குண்டுகளில் மட்டும் பழுப்புத் திட்டு, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. வெறும் நிறமாற்றம் என்றால் சுடுவதற்குப் பாதகமில்லை. பச்சை பூத்துக் குழி விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

ரப்பர் விளிம்பு வைத்த இரும்புப் பெட்டிக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் போடலாம் என்றிருக்கிறேன். அதை எப்போதெல்லாம் காயவைத்து மறுபடி போடுகிறீர்கள்? துருத்தடுப்புத் தாளில் செம்புக்கும் ஒத்துவருவது எது?

எண்ணெய் பூசச் சொல்லாதீர்கள், அது பிரைமருக்குள் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம். அப்புறம், ஏற்கெனவே திட்டு விழுந்தவற்றை மக்காச்சோளச் சக்கைத் தூளில் உருட்டினால் போதுமா?