வேகம் குறைந்த பிறகும் கோல் அடிப்பது: கிறிஸ்டீன் சின்க்ளேர் ஆட்டத்தில் எது எப்போது மாறியது?

கேள்வி: தொடுகோடு

கனடாவின் ஃபார்வர்டு கிறிஸ்டீன் சின்க்ளேர் 2000-ல் 16 வயதில் தேசிய அணிக்குள் வந்தார். 2023 டிசம்பரில் 40 வயதில் விடைபெற்றார். 331 ஆட்டம், 190 கோல். சர்வதேச ஆட்டங்களில் ஆணோ பெண்ணோ இத்தனை கோல் வேறு யாரும் போட்டதில்லை. ஆனால் ஓட்டத்தில் டிஃபெண்டரைப் பிய்த்துக்கொண்டு போகிற ரகம் இல்லை அவர். வேகத்தை மட்டும் நம்பும் ஸ்ட்ரைக்கர்கள் முப்பதைத் தாண்டினால் பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். இவர் தாக்குப்பிடித்தது எப்படி? எந்தக் கட்டத்தில் எந்த இடத்தில் ஆடினார்? 17, 18 வயதுப் பெண் ஃபார்வர்டுகளுக்கு இதிலிருந்து எதைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்? மைதானத்தில் செய்து பார்க்கக்கூடியதாகச் சொல்லுங்கள்.

பதில்: பதினெட்டு யார்டு

அவர் ஆட்டத்தை மூன்று கட்டமாகப் பார்த்தால்தான் புரியும்.

ஈவன் பெல்லருட் பயிற்சியாளராக இருந்த காலத்தில் (2008 வரை) கனடா நீளப் பந்து ஆடிய அணி. பின்னாலிருந்து தூக்கி அடிப்பார்கள். முன்னால் நிற்பவர் டிஃபெண்டரை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தை இறக்க வேண்டும், அல்லது நேராக கோலுக்குத் திரும்ப வேண்டும். 2003 உலகக் கோப்பையில் 20 வயதில் அவர் 3 கோல் போட்டார், அணி நான்காம் இடம். அப்போது அவர் முழுக்க 9-ம் எண், அதாவது எல்லாருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர்.

2012-ல் பயிற்சியாளர் ஜான் ஹெர்ட்மன் கீழ் சக ஃபார்வர்டு மெலிஸா டான்க்ரெடி முன்னால் முட்டி மோதுவார், இவர் அவருக்குச் சற்றுப் பின்னிருந்து புகுவார். அந்த ஒரே வருடத்தில் கனடாவுக்காக 23 கோல். லண்டன் ஒலிம்பிக்கில் மட்டும் 6.

மூன்றாவது கட்டம் டோக்கியோ ஒலிம்பிக். 38 வயது. பெயருக்கு ஃபார்வர்டு, இடம் 10-ம் எண், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை அமைப்பவர். நிஷெல் பிரின்ஸ், ஜனீன் பெக்கி மாதிரியானவர்கள் வெளியே விரிந்து முன்னால் ஓட, இவர் எதிரணி மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே நிற்பார். சென்டர் பேக் கூடவே இறங்கி வந்தால் அவர் விட்ட இடத்தில் விங்கர் ஓடுவார். வராவிட்டால் இவர் திரும்பிக் கோலைப் பார்ப்பார். இந்த ஏற்பாடு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: முன்னால் ஓட ஆள் வேண்டும். 10-ம் எண் கீழே இறங்கி, விங்கர்களும் பந்து கேட்டுக் கீழே வந்தால் பாக்ஸுக்குள் (எதிரணி கோலுக்கு முன்னுள்ள பெனால்ட்டி கட்டம்) யாருமே இருக்க மாட்டார்கள். இளையோர் அணிகளில் ஸ்ட்ரைக்கரைப் பின்னுக்கு இறக்கும்போது அதிகம் நடக்கிற தப்பு இதுதான்.

பயிற்சிக்கு ஒன்று. பந்து வாங்குவதற்கு முன் தோளுக்கு மேல் இரண்டு முறை பார்க்க வேண்டும். பாஸ் கொடுக்கப் போகிறவருக்குப் பந்து வந்துகொண்டிருக்கும்போது ஒரு முறை, பாஸ் அவர் காலை விட்டுக் கிளம்பியதும் இன்னொரு முறை. 10-க்கு 10 மீட்டர் சதுரம், நடுவில் ஃபார்வர்டு, பின்னால் ஒருவர் கையை உயர்த்தி ஒன்று முதல் மூன்று விரல் காட்டட்டும். பந்தைத் தொடும் முன் எண்ணைச் சொல்ல வேண்டும். பலர் முதல் முறை பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவார்கள். டிஃபெண்டர் நெருங்கி வருவதே அந்த இடைவெளியில்தான்.

பதில்: இரண்டாவது போஸ்ட்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இடம் மாறினாலும் பாக்ஸுக்குள் நுழையும் நேரம் மட்டும் அவரிடம் மாறவே இல்லை. 2012 ஆகஸ்ட் 6, ஓல்ட் டிராஃபோர்ட், அமெரிக்காவுக்கு எதிரான ஒலிம்பிக் அரையிறுதி. கனடா 4-3 என்று கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் தோற்ற ஆட்டம். மூன்று கோலும் சின்க்ளேர்: 22, 67, 73-ம் நிமிடங்கள். முதலாவது காலால். மற்ற இரண்டும் தலையால், ஒன்று டான்க்ரெடியின் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் போடும் பந்து), இன்னொன்று கார்னர்.

அந்த இரண்டு ஹெட்டரையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்து காற்றில் வரும்போது அவர் கண் டிஃபெண்டர் மேல் இல்லை. டிஃபெண்டரால் பந்தையும் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பழக்குவது இப்படி: ஃபார்வர்டு கோல் கோட்டிலிருந்து சுமார் 14 மீட்டரில், டிஃபெண்டரின் பார்வைக்குப் பின்னால் நிற்கட்டும். கிராஸ் போடுபவர் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கும்போது போஸ்டுக்கு வெளிப்பக்கமாக மூன்று எட்டு விலக வேண்டும். கிராஸ் போடுபவரின் ஊன்று கால் தரையில் பதிந்ததும் உள்ளே வெட்டி ஓட வேண்டும். அதற்கு முன்பே ஓடினால் பந்துக்கு நேர் கீழே போய் நிற்பீர்கள். பின்னால் சாய்ந்து தலையால் முட்ட வேண்டிவரும், பந்து கம்பிக்கு மேலே போகும். ஹெட்டர் மேலே போகிறது என்றால் கழுத்தைத் திருத்தப் போகாதீர்கள், ஓட்டத்தை அரை நொடி தாமதப்படுத்துங்கள்.

எண்ணிக்கையில் கவனம். இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன் 2021-ல் தந்த வழிகாட்டுதலில், பயிற்சியில் வேகமாக வரும் பந்தைத் தலையால் அடிப்பது வாரத்துக்கு 10-க்கு மேல் போகக் கூடாது. அதனால் ஓட்டத்தை மட்டும் பந்தில்லாமல் 20 முறை, கையால் எறிந்த பந்தில் சில முறை, உண்மையான கிராஸ் வாரத்தில் ஐந்தாறு போதும்.

பதில்: தொடுகோடு

நன்றி, இரண்டுமே உடனே பயன்படும். பெனால்ட்டி பற்றி யாராவது சொல்லுங்கள். 2023 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராக அவர் அடித்ததை நடோஸி தடுத்துவிட்டார், ஆட்டம் 0-0. வயதானதால்தானா? அப்புறம் கிளப் பக்கம் அவர் பாதை எப்படி இருந்தது?

பதில்: பதினெட்டு யார்டு

பெனால்ட்டியை வயதோடு முடிச்சுப்போடாதீர்கள். டோக்கியோ காலிறுதியில் பிரேசிலுக்கு எதிரான ஷூட் அவுட்டிலும் முதல் உதை அவருடையதே, அதுவும் தடுக்கப்பட்டது. அடுத்த ஆட்டம் அமெரிக்காவோடு அரையிறுதி. பெனால்ட்டி கிடைத்தது, உதைத்தவர் ஜெஸ்ஸி ஃப்ளெமிங். கனடா 1-0. இறுதியில் பாக்ஸுக்குள் சின்க்ளேர் காலில் ஸ்வீடன் டிஃபெண்டரின் கால் பட்டுப் பெனால்ட்டி கிடைத்தது. அதையும் ஃப்ளெமிங்தான் அடித்தார். கேப்டன், உலகிலேயே அதிக கோல் போட்டவர், ஒலிம்பிக் இறுதியில் பந்தை இளையவருக்கு விட்டார். என் மதிப்பில் அந்த 190 கோலுக்குச் சமமானது இது. உங்கள் அணியிலும் உதைப்பவர் வரிசையை ஆட்டத்துக்கு முன்பே மூன்று பேர் வரை எழுதிவையுங்கள். பெனால்ட்டி கிடைத்த பிறகு மைதானத்தில் பேசி முடிவெடுப்பதுதான் குழப்பம்.

கிளப் வரலாறு கரடுமுரடானது. போர்ட்லண்ட் பல்கலைக்கழக அணியில் 2002, 2005-ல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சாம்பியன், 2005 பருவத்தில் மட்டும் 39 கோல். பிறகு அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் எஃப்சி கோல்டு பிரைடு 2010-ல் சாம்பியன், அதே ஆண்டு கிளப்பே மூடப்பட்டது. வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷ் 2011-ல் சாம்பியன், 2012-ல் லீக்கே மூடப்பட்டது. 2013-ல் புது லீக் வந்ததும் போர்ட்லண்ட் தோர்ன்ஸ், 2024 வரை அங்கேதான். 2013, 2017, 2022-ல் பட்டம். தொடக்கத்தில் தேசிய அணிக்காரர்களின் சம்பளத்தை அமெரிக்க, கனடா, மெக்சிகோ சங்கங்களே கொடுத்ததால்தான் அந்த லீக் கால் ஊன்றியது. கனடாவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் 2025-ல்தான் ஆரம்பித்தது. சொந்த நாட்டில் அப்படி ஒரு லீக் இல்லாமலே அவர் காலம் முழுக்கக் கழிந்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதில்: முழங்கால்

உடல் பக்கத்தை யாரும் தொடவில்லை. பெண் ஃபார்வர்டுகளின் காலத்தைச் சுருக்குவது பெரும்பாலும் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார், ஏசிஎல். நார்வே ஃபார்வர்டு அடா ஹெகர்பெர்குக்கு 2020 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஃபார்வர்டு சாம் கெர்ருக்கு 2024 ஜனவரியில் கிழிந்தது. பல நேரம் யாரும் மோதாமலேயே நடக்கும்: ஒற்றைக் காலில் இறங்கும்போதோ சட்டென்று திசை மாற்றும்போதோ முழங்கால் உள்பக்கம் மடங்கும்.

காயத்தைத் தடுக்க உருவான ஃபிஃபா 11+ வார்ம்-அப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் வலிமை, குதிப்பு, சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். மொத்தம் 20 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை. குதித்து இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்பதை முன்னால் நின்று ஒருவர் பார்க்க வேண்டும். பின்னால் நின்றால் தெரியாது.

அதில் வரும் நார்டிக் பயிற்சி முக்கியம். மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தலைவரை ஒரே நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய வேண்டும், தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றலாம். ஆரம்பத்தில் 3 முதல் 5 முறை போதும். இடுப்பில் மடங்கினால் பின்தொடைக்கு வேலையே இல்லை. முதல் இரண்டு வாரம் மறுநாள் பின்தொடை நன்றாகவே வலிக்கும், அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் வைக்காதீர்கள். ஞாயிறு ஆட்டம் என்றால் செவ்வாய், வியாழன் சரியாக வரும்.