மறு: பிளவர்ஹார்ன் குஞ்சின் தலைமேட்டுக்கு என்ன சொல்? மத்தகம் என்கிறேன்

வணக்கம் நண்பர்களே,

பிளவர்ஹார்ன் என்ற வளர்ப்பு மீனின் நெற்றியில் எழும்பும் மேட்டுக்கு நம் வளர்ப்புக் குறிப்பில் என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை 'பிடரிப் புடைப்பு', 'திமில்', 'கொண்டை' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக ஒன்று சொல்கிறேன்: மத்தகம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் 'புடைப்பு' ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நம் வளர்ப்புக் குறிப்பின் வரைவை அக்கா மகனுக்கு அனுப்பியிருந்தேன், ஒன்றரை அங்குலக் குஞ்சு ஒன்று வைத்திருக்கிறான். போன வாரம் "புடைப்பு வர ஆரம்பிச்சிடுச்சு மாமா" என்று படம் அனுப்பினான். பார்த்தால் புடைத்திருந்தது வயிறு! தலை சீக்கிரம் எழும்பட்டும் என்று நாளைக்கு ஆறேழு தடவை குருணைத் தீனியும் ரத்தப்புழுவுமாகக் கொட்டியிருக்கிறான். இரண்டு நாள் தீனியை நிறுத்தச் சொல்லி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றச் சொன்னேன், வயிறு வடிந்துவிட்டது. பையனைக் குறை சொல்ல முடியாது. புடைப்பு என்றால் நமக்கு அடிபட்டு வீங்கிய இடம்தான் நினைவுக்கு வரும், மீன் வளர்ப்பவருக்கோ வீக்கம் என்றாலே நோய். நல்ல வளர்ச்சிக்கும் நோய்க்கும் ஒரே சொல்லை வைத்தால் குஞ்சு வளர்ப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

திமில் எனக்கும் பிடித்த சொல்தான். காளைக்குத் திமில் மாதிரி இதுவும் ஆண் மீனுக்குப் பெரிதாக வருவது. ஆனால் திமில் முதுகில் இருப்பது, இந்த மேடு கண்களுக்கு நடுவே, மேலுதட்டுக்குச் சற்று மேலேயே தொடங்கிவிடுகிறது. கொண்டை பறவைக்குப் போய்விட்ட சொல். மத்தகமோ யானையின் நெற்றி மேடு, இடமும் உருவமும் அப்படியே பொருந்துகிறது. வளர்ப்பவர்கள் கையில் கெட்டியாக இருப்பது, நீர் கோத்தது என்று பிரித்துப் பேசுவதையும் கெட்டி மத்தகம், நீர் மத்தகம் என்று சொல்லிவிடலாம். 'நீர்ப் புடைப்பு' என்றால் மருந்துக் கடைக்குத்தான் ஓடுவார்கள். கொளத்தூர் மீன் கடையில் நின்று "இதுக்கு இன்னும் மத்தகம் எழும்பல" என்று சொல்லிப் பாருங்கள், கோயில் யானையைப் பார்த்த யாருக்கும் விளங்கும்.

மீனின் பெயரை 'பூக்கொம்பன்' ஆக்கலாம் என்று மலேசிய நண்பர் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது, ஆனால் 1990களில் அவருடைய நாட்டில்தான் நடு அமெரிக்கச் சிச்லிட் குடும்ப மீன்களைக் கலந்து இதை உருவாக்கினார்கள், அங்கே வழங்கும் லுவோஹான் என்ற சீனப் பெயர் ஞானம் பெற்ற பௌத்தத் துறவியான அருகதரைக் குறிப்பது, அதில் கொம்பே கிடையாது. பிளவர்ஹார்ன் என்றே இருக்கட்டும்.

சரி, குறிப்பில் குஞ்சை அடையாளம் காணும் பகுதிக்கு வருகிறேன். இரண்டு அங்குலத்துக்குள் மத்தகத்தை நம்பி வாங்கவே கூடாது, நல்ல குஞ்சுக்கும் அப்போது நெற்றி தட்டையாக இருக்கலாம். ஜிலேபி மீனின் (திலாப்பியா) குஞ்சைக்கூட பிளவர்ஹார்ன் என்று கொடுத்துவிடுவது உண்டு, ஜிலேபியும் சிச்லிட்தானே. குஞ்சைக் கண்ணாடிப் புட்டியில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முதுகுத் துடுப்பின் பின்பாதியில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் அது ஜிலேபியாக இருக்கலாம். வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கம் இருக்கும் குதத் துடுப்பின் முன்விளிம்பில் முள்ளை எண்ணினால் உறுதியாகிவிடும்: ஜிலேபிக்கு மூன்றே மூன்று, பிளவர்ஹார்னுக்கு அதைவிட அதிகம். விலாவில் வரிசையாக ஓடும் கறுப்புத் திட்டுகளுக்குப் 'பூவரி' என்று போட்டிருக்கிறேன், மினுக்கும் செதில்களுக்கு 'முத்து' போதும், பிளவர்ஹார்னில் ஜென்சூ என்ற வகையின் பெயருக்கே முத்து என்றுதான் பொருள். குஞ்சில் பூவரி மங்கலாக இருந்தாலும் கவலை வேண்டாம், தங்க நிற வகைகளில் அந்தக் கறுப்பு பிறகு உதிர்ந்தே போகும்.

தீனிப் பகுதியில் ஒரு வரியை மாற்றியே ஆக வேண்டும். 'மத்தகம் வளர்க்கும் உணவு' என்று எழுதாதீர்கள். மத்தகம் முதலில் பரம்பரையில் வருவது, அப்புறம் ஆணா பெண்ணா என்பதில். நல்ல தீனியும் சுத்தமான தண்ணீரும் இருப்பதை வளரவிடும், இல்லாததை வரவழைக்காது. நீந்தத் தொடங்கிய பொடிக் குஞ்சுக்கு அப்போதே முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால், ஓர் அங்குலம் தாண்டியதும் வாய்க்கு அடங்கும் சின்னக் குருணை, நாளைக்கு மூன்று தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும். ரத்தப்புழு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும், அதுவும் உறையவைத்தது. சாக்கடையில் அள்ளிவரும் உயிர்ப்புழுவும் தீனிக்கென்று விற்கும் சின்ன மீன்களும் நோயைக் கூட்டிவரும். மாட்டு இதயம் வேண்டவே வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. தண்ணீர் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ்.

வரைவில் முதல் இடத்தில் மட்டும் 'மத்தகம், அதாவது கடைக்காரர்கள் சொல்லும் கோக்' என்று எழுதி, அப்புறம் மத்தகம் என்றே போகிறேன். தண்ணீரில் மிதக்கும் தீனிக்கு 'மிதவைக் குருணை' என்று வைத்திருக்கிறேன், இதைவிட நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.