காவேரிப்பட்டணம் வீடு 🏠

பிரபு: அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஜனவரி 18, பெங்களூர் டு லண்டன், நேர் ஃபிளைட். காலைல 7.00 கிளம்பி மதியம் 12.50க்கு இறங்குது.

அப்பா: அட, ஆறு மணி நேரந்தானா? நம்மூர்ல இருந்து மெட்ராஸ் பஸ்ஸே அவ்ளோ நேரம் ஆவுது

கவிதா (லண்டன்): அப்பா, 12.50ங்கறது இந்த ஊர் மணி. ஜனவரில நாங்க உங்களுக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அம்மா இங்க இறங்கறப்ப அங்க சாயங்காலம் 6.20. மொத்தம் 11 மணி 20 நிமிஷம்.

சித்தப்பா: தூரம் 8,000 கி.மீ.னு கூகுள் சொல்லுது. மணிக்கு 900ல போனா ஒம்போது மணி நேரத்துல போயிரணுமே. மிச்ச ரெண்டு மணி நேரம் எங்க சுத்தறான்?

பிரபு: 8,000 நூல் பிடிச்ச கணக்கு சித்தப்பா. பூமிய ஒரு சுத்து சுத்தினா 40,000, அதுல அஞ்சுல ஒரு பங்கு. ஆனா சண்டை நடக்கற பக்கமெல்லாம் ஒதுங்கி வளைஞ்சுதான் போகணும். ரன்வேக்கு ஊர்ந்து போற நேரம், லண்டன் மேல எடம் கிடைக்காம வட்டம் போடற நேரம், எல்லாம் டிக்கெட் மணிக்குள்ளதான்.

கவிதா (லண்டன்): எதிர்காத்த விட்டுட்டியே. பத்து கி.மீ. ஒசரத்துல மேற்கால இருந்து கிழக்க காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், குளிர்காலத்துல இன்னும் ஜாஸ்தி. திரும்பி வர்றப்ப அதே காத்து பின்னாடி இருந்து தள்ளும்.

பிரபு: ஆமா. ரிட்டர்ன் மார்ச் 22, மதியம் 2.00 கிளம்பி மறுநாள் காலைல 5.15.

சித்தப்பா: 15 மணி நேரம் வருதே? காத்து தள்ளற லட்சணமா இது 😂

பிரபு: அஞ்சரைய கழிங்க சித்தப்பா. 9.45தான்.

கவிதா (லண்டன்): மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை தாண்டியிருந்தா நாலரைய கழிக்கணும். அன்னிக்கு இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருவாங்க.

அப்பா: யாரு, கவர்மெண்டேவா?

கவிதா (லண்டன்): கவர்மெண்டேதான்பா

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. சுகர் மாத்திரை எந்த ஊர் மணிக்கு போடறது? எனக்கு அன்னிக்கு ரெண்டு மதியம் வருதே

கவிதா (லண்டன்): அய்யோ, இது யாருக்குமே தோணல பாருங்க. அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப டிக்கெட்ட காட்டி கேட்டுருங்கம்மா. மாத்திரை கைப்பையில இருக்கட்டும், பெட்டில போடாதீங்க.

அம்மா: சரி. நெய் ரெண்டு கிலோ உருக்கி வெச்சிருக்கேன்

கவிதா (லண்டன்): நெய் விடமாட்டாங்கம்மா. பால் சாமான், கறி எதுவும் இந்த ஊருக்குள்ள கொண்டு வரக்கூடாது.

அம்மா: பிள்ளைக்கு நெய் இல்லாம எப்படி சோறு ஊட்டறது

அப்பா: பிரபு, வீட்ட விட்டு எத்தன மணிக்கு கிளம்பணும்?

பிரபு: 4 மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும். தேவனஹள்ளி 140 கி.மீ. பக்கம் வரும். ராத்திரி 12.30க்கு வண்டி சொல்லிடறேன், அந்நேரத்துக்கு எப்பவும் நெரிசலா இருக்கற பெங்களூர் சில்க் போர்டு சிக்னலே காலியா இருக்கும்.

சித்தப்பா: அத்திப்பள்ளி டோல்ல லாரி வரிசை நிக்கும். 12க்கே கிளம்புங்க

அப்பா: அப்ப வீட்ல இருந்து கணக்கு போட்டா 18 மணி நேரம். நான் ஆறுன்னு சந்தோஷப்பட்டேன்

அம்மா: நெய்ய யார் எடுத்துக்கறீங்க?

சித்தப்பா: அஞ்சு நிமிஷத்துல வரேன் அண்ணி 🏍️