போகிற வழியில் பார்த்த பறவை: அடையாளம் சொல்ல உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். பறவை பார்க்கவென்று தனியாகக் கிளம்பிப் போகிறவன் இல்லை நான். மருந்து வாங்க, தபால் போட, பிள்ளையைப் பள்ளியில் விட என்று போகிற போக்கில் கண்ணில் படுவதுதான். அந்த ஓரிரு நொடிச் சந்தோஷம் நாள் முழுக்கக் கூடவே வரும். தேடிப் போய்ப் பார்ப்பதைவிட எதிர்பாராமல் பார்ப்பதில்தான் ருசி அதிகம் என்பது என் கட்சி.

இப்போது ஒரு சந்தேகம். காலி மனைக்கு மேலே ஒரு பறவை அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றது. சிறகு படபடவென்று அடிக்கிறது, குனிந்த தலை மட்டும் துளிகூட அசையவில்லை! வெயிலுக்கு எதிரே பார்த்ததால் நிறம் தெரியவில்லை. சிவப்பு வல்லூறும் இப்படி நிற்கும், கருந்தோள் பருந்தும் நிற்கும். வல்லூறுக்கு வால் நீளம், நிற்கும்போது விசிறியாக விரியும். இதற்கு வால் குட்டை. சிறகை மேலே தூக்கி, கால்களைத் தொங்கவிட்டபடி மெல்ல இறங்கியது. பருந்துதான் என்று நினைக்கிறேன், சரியா? நிழலுருவை வைத்தே பிரித்தறிய வேறு அடையாளம் உண்டா?

இன்னொன்று. பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இடம், தேதி, உருவ அளவு, நிறம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கிறது. கையில் பையோடு நிற்கும்போது நீங்கள் முதலில் எதைக் கவனிப்பீர்கள்? பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் இபேர்ட் தளத்தில் தற்செயலாகப் பார்த்ததைப் பதியத் தனி வகையே இருக்கிறது. ஒற்றைப் பறவையைப் பார்த்தாலும் அதில் பதிகிறீர்களா?