ஆடி முடித்த ஆட்டத்தைப் பின்னால் தோல்வியாக்குவது நியாயமா?

நீலக்கோடு:
அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் இது. தகுதியில்லாத ஒருவர் ஓர் அணிக்கு ஆடியது பிப்ரவரியில்தான் தெரிய வருகிறது என்று வையுங்கள். அவர் ஆடி ஜெயித்த ஆட்டங்களை எல்லாம் ஃபோர்ஃபிட் ஆக்கி, தோற்ற அணிகளுக்கு வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். தப்புச் செய்த அணிக்குத் தண்டனை, சரி. ஒரு பாவமும் அறியாத மூன்றாவது அணி?

ஈ.சி.ஏ.சி. என்ற கல்லூரி லீக்கையே எடுங்கள். 12 அணிகள், ஆளுக்கு 22 ஆட்டம், ஒவ்வோர் அணியோடும் இரண்டு முறை. முதல் நான்கு இடத்துக்குள் வந்தால், சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃபில் முதல் சுற்று ஆட வேண்டாம். அந்தத் தப்பு அணியை எங்கள் அணி இரண்டு முறையும் வென்றிருக்கிறது என்று வையுங்கள். நாலாம் இடத்துக்கு எங்களோடு மல்லுக்கட்டும் அணி இரண்டிலும் தோற்றிருக்கிறது. தீர்ப்பு வந்ததும் அவர்களுக்கும் இரண்டு வெற்றி! ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே கூலியா?

மூன்றாம்பீரியட்:
உங்கள் புள்ளியை யாரும் தொடவில்லையே. ஆடவே கூடாத ஆள் கோல் போட்டுத்தான் அவர்கள் தோற்றிருக்கலாம். அதற்கு ஈடு வேண்டாமா? இது புதுசும் இல்லை. 1972-73 சீசனில் பாஸ்டன் யுனிவர்சிட்டி இப்படித்தான் 11 வெற்றிகளை இழந்தது.

கோல்கிரீஸ்:
மூன்றாம்பீரியட், அந்த ஆள் கோல் போட்டாரா, கடைசி மாற்றுக் குழுவான நாலாவது லைனில் வந்து இரண்டு முறை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு உட்கார்ந்தாரா என்று ஃபோர்ஃபிட் பார்ப்பதில்லை. 6-0 என்று தோற்றவர்களுக்கும் அதே வெற்றிதான். இதில் ஈடு எங்கே வந்தது?

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.விடம் இன்னொரு வழி இருக்கிறது. வெற்றியை அழித்துவிடுவார்கள், ஆனால் தோற்றவர்களின் தோல்வி அப்படியே நிற்கும். 1973 என்.சி.ஏ.ஏ. தொடரின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 4-2 என்று தோற்ற டென்வர், அந்தத் தொடரில் ஆடியதே பிறகு பதிவிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் வேறு யாருக்கும் திடீர் லாபம் வரவில்லை. புள்ளிப்பட்டியலிலும் இதையே செய்யலாம்: தப்பு அணியின் புள்ளிகளைப் பிடுங்குங்கள், யாருக்கும் பங்கு போடாதீர்கள்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது தகுதி விதிகளே. கனடா ஜூனியர் ஹாக்கியில் ஆடியவர்களுக்குக் கல்லூரியில் ஆடத் தகுதியில்லை என்ற விவகாரத்தில் 1973-லேயே பாஸ்டன் யுனிவர்சிட்டி வீரர்கள் இருவர் நீதிமன்றம் போய் இடைக்கால உத்தரவு வாங்கினார்கள். அந்த நாட்டின் மேஜர் ஜூனியர் (இளைஞர்களுக்கான உச்ச நிலை லீக்) வீரர்களுக்கு என்.சி.ஏ.ஏ. கதவு திறந்ததோ 2025-26 சீசனில்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், நீதிமன்ற உத்தரவை நம்பி ஒருவரை ஆடவைத்து, அந்த உத்தரவு பின்னால் ரத்தானால், அப்போதும் வெற்றிகளைப் பறிக்க விதியில் இடமுண்டு! நீதிபதி ஆடு என்கிறார், கோச் ஆடவிடுகிறார், இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? தெரிந்தே மறைத்த கல்லூரியையும் இப்படி மாட்டிக்கொண்ட கல்லூரியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

நீலக்கோடு:
பங்கு போடாமல் பிடுங்குவது எனக்குச் சம்மதம். ஆனால் இரண்டு அணிகள் புள்ளியில் சமமாக வந்து, யார் மேலே என்று வெற்றி எண்ணிக்கையைப் பார்த்தால்?

கோல்கிரீஸ்:
பனியில் யார் ஜெயித்தாரோ அவருக்கு மட்டும் வெற்றி. உங்கள் இரண்டு நிற்கும், அவர்களுக்கு ஒன்றும் சேராது.