நுரையீரல் கிரானுலோமா: பூஞ்சைப் பரிசோதனைக்கு மும்பையில் வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மாட்டுங்காவில் வசிக்கும் என் மாமாவின் நுரையீரல் திசுவில் கிரானுலோமா எனும் நுண்ணிய அணுத்திரள் இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. காசநோய்க் கிருமி தென்படவில்லை. விழுங்கியும் கொல்ல முடியாத கிருமியை, டி அணுக்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தால் தூண்டப்பட்ட மேக்ரோபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் அணுக்கள்) திரண்டு சுற்றிவளைப்பதால் உருவாவதே கிரானுலோமா என்பதால், ஹிஸ்டோபிளாஸ்மா போன்ற பூஞ்சையும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதுகிறார். முடக்குவாதத்துக்காக மாமா நெடுங்காலமாக, நோயெதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு உட்கொள்வதால், கிருமியைச் சுற்றியுள்ள அந்த அரண் தளர்ந்துவிடுமோ என்பதே எங்கள் பெருங்கவலை.

மெழுகில் பதித்த திசுவிலேயே வெள்ளிச் சாயமிட்டுப் பூஞ்சையைத் தேடலாம். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கோ, ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் படாத புதிய திசு வேண்டும். இவ்விரண்டையும் நம்பகமாகச் செய்யும் ஆய்வகத்தையும், முடிவுகளைத் தமிழில் பொறுமையாக விளக்கக்கூடிய தொற்றுநோய் மருத்துவரையும் அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.