பொருள்: மறு: அசெஸ்மென்ட் - ‘சோதனை’ வேண்டாம், ‘வளர்நோட்டம்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம். பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்த்தும் கேட்டும் கணிக்கும் ‘அசெஸ்மென்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், உங்கள் கேள்விகளுக்கு என் பதில்.

> ‘சோதனை’ என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாக. மதுரையில் ஒரு மையத்துக்கு நான் படிவங்களைத் தமிழாக்கித் தருகிறேன். ஆட்டிசமோ (பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபடும் வளர்ச்சி நிலை), ஏ.டி.எச்.டி.யோ (கவனக்குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும்) என்ற ஐயத்தோடு பிள்ளைகளை அழைத்துவரும் இடம். போன மாதம் சீட்டில் “காலை 9 மணிக்குச் சோதனை” என்று எழுதியவன் நான்தான். உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த தாய், நாலு வயது மகனுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். பையன் தரையில் புரண்டு அழுதான். சோப்புக் குமிழி ஊதிச் சட்டென்று நிறுத்தி, ‘இன்னும் ஊது’ என்று அவன் கண்ணால் கேட்கிறானா எனப் பார்ப்பதற்காகக் குப்பியோடு உட்கார்ந்திருந்த மையத்து அம்மையார், அதை மூடிவைத்துவிட்டு இட்லி வாங்க ஆள் அனுப்பினார். அன்றைய வேலை அதோடு முடிந்தது.

ஆட்டிசத்தை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பார்ப்பதும் கேட்பதும்தான். நம் நாட்டு அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. ஏ.டி.எச்.டி.க்குக் கவனக்குறைவு வரிசையில் 9, துறுதுறுப்பு வரிசையில் 9 அறிகுறிகள். பிள்ளைகளுக்கு ஏதாவதொரு வரிசையில் 6 ஆவது வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் தெரிந்தால் போதாது. பள்ளி போல இன்னோர் இடத்திலும் தெரிய வேண்டும். வாத்தியாரையும் கேட்காமல் முடியாது.

‘நோயறிதல்’ ஆகாது, இது நோயல்ல. ‘மதிப்பீடு’ தவறில்லை, ஆனால் மனைக்கும் மதிப்பீடு, விடைத்தாளுக்கும் மதிப்பீடு.

என் பரிந்துரை ‘வளர்நோட்டம்’. வளர்பிறை போல வினைத்தொகை: வளர்ந்த, வளர்கிற, வளரும். தவழ்ந்தது எப்போது, முதல் சொல் எப்போது என்று பழங்கதையிலிருந்து தொடங்குகிற வேலைக்கு மூன்று காலமும் தேவை. நாணயமும் மணியும் தரம் பார்த்தவரை நோட்டக்காரர் என்றார்கள். தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

(யாருக்கு முழு அசெஸ்மென்ட் தேவை என்று முதலில் பிரித்துப் பார்க்கும் ஸ்கிரீனிங்குக்கு ஒருவர் ‘சலிப்பு’ என்றிருந்தார். படிவம் நிரப்பும் பெற்றோருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.)

> திருடனும்தான் வீட்டை நோட்டம் விடுகிறான், அண்ணே! ‘வளர்நோக்கு’ ஆகாதா?

தம்பி, விடுவது வேறு, பார்ப்பது வேறு. ‘நோக்கு’ என்றால் குறிக்கோள் என்றும் படிப்பார்கள். ஆனாலும் உங்கள் திருடன் என்னை உறுத்துகிறான். அடுத்த வாரச் சீட்டுகளில் “வளர்நோட்டம் - சாப்பிட வைத்துக் கூட்டி வரவும்” என்று எழுதிப் பார்க்கிறேன். எத்தனை பேர் என்ன பொருள் என்று கேட்டார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன்.